வரத்துக்குழல், கழிகுழல்: இரண்டு ‘சிறுநீர்க்குழாய்’களுக்கு இரண்டு பெயர்

கும்பகோணத்திலிருந்து, சிறுநீரகவியல் மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். நோயாளிகளுக்கான தமிழ்க் கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: யூரெட்டர், யூரெத்ரா. இரண்டையும் ‘சிறுநீர்க்குழாய்’ என்றே எழுதி வருகிறோம். இதனால் என்ன கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யூரெட்டர் இரண்டு உண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் ஒன்று சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. நீளம் 25 முதல் 30 செ.மீ., உள்ளகலம் 3, 4 மி.மீ.தான். யூரெத்ரா ஒன்றே ஒன்று. பையிலிருந்து வெளியே போகும் வழி அது. பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ.

யூரெட்டரில் கல் மாட்டினால் விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் கிளம்பும் வலி தொடை இடுக்கு வரை இறங்கும். மறுபக்கச் சிறுநீரகம் வேலை செய்வதால் சிறுநீர் போய்க்கொண்டுதான் இருக்கும். யூரெத்ரா அடைத்தால் கதை வேறு: பை நிரம்பி அடிவயிறு உப்பும், சொட்டுச் சொட்டாகப் போகும், அல்லது அடியோடு நின்றுவிடும். இரண்டுக்கும் சீட்டில் ‘சிறுநீர்க்குழாயில் அடைப்பு’ என்று ஒரே வரி.

இதைவிட ஆபத்தானது ஸ்டென்ட் விஷயத்தில் வரும் குழப்பம். கல் எடுத்த பிறகு யூரெட்டருக்குள் இருமுனையும் சுருண்ட, ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாய் ஒன்றை வைக்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாது. அதே வேளையில் யூரெத்ரா வழியாகச் சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாயும், அது வந்து சேரும் பிளாஸ்டிக் பையும் இருக்கும். ஓரிரு நாளில் கதீட்டரை எடுத்துவிட்டு ‘சிறுநீர்க்குழாய் எடுக்கப்பட்டது’ என்று எழுதினால், எல்லாம் முடிந்தது என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். சில வாரங்களில் எடுக்க வேண்டிய ஸ்டென்ட் உள்ளேயே கிடந்தால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாக இறுகும். பிறகு எளிதில் உருவ முடியாது. சிறுநீரகமே கெட்டுப்போகவும் கூடும். ஒரு சொல் இதைத் தடுக்குமானால் அந்தச் சொல்லைத் தேடியே ஆக வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, விலங்கியல் ஆசிரியர்

யூரெட்டருக்கு ‘சிறுநீர் நாளம்’, யூரெத்ராவுக்கு ‘சிறுநீர் வடிகுழாய்’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டிலும் எனக்குக் குறை தெரிகிறது. நாளம் என்றால் மாணவர் மனத்தில் ரத்த நாளம்தான் எழும். வடிகுழாய் என்ற சொல்லைக் கதீட்டருக்கே பலர் ஆள்கிறார்கள். ஆக, உடம்பின் பகுதியும் அதற்குள் செருகும் பொருளும் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன.

என் யோசனை இது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காட்டைச் சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகளான நெஃப்ரான்களே மீள உறிஞ்சி ரத்தத்துக்குத் திருப்பிவிடுகின்றன. மிஞ்சுவது ஒன்று, ஒன்றரை லிட்டர். சிறுநீரகத்துக்குள் அதைத் திரட்டும் சேகரிப்பு நாளத்தின் முனையைத் தாண்டிய பிறகு அதன் சேர்மானம் பெரிதாக மாறுவதில்லை. வயலுக்குப் பாய்ந்து முடிந்து வெளியேறும் நீரைப் போன்றது அது. ஆகவே யூரெட்டரை ‘சிறுநீர் வடிகால்’ எனலாமே?

கும்பகோணத்திலிருந்து, மருத்துவர்

ஐயா, அந்த ஒப்புமை அழகாக இருக்கிறது. ஆனால் ‘வடி’ இங்கே பொருந்தாது. வடிவதென்றால் சரிவில் தானாக இறங்குவது. யூரெட்டர் அப்படி இறக்குவதில்லை. அதன் சுவரில் தசை இருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து முறை வரை அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுகிறது. அதனால்தான் படுத்திருந்தாலும் சிறுநீர் பைக்குப் போய்ச் சேருகிறது. கல் மாட்டும்போது வலி அலை அலையாக வருவதற்கும் இந்தத் தசை ஒரு காரணம்.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்

மருத்துவம் எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். வீராணம் ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து நீர் கொண்டுவருவது வடவாறு. ஏரி மிகுந்தால் நீர் வெள்ளியங்கால் ஓடை வழியே வெளியேறும். இரண்டும் நீரோடும் வழிதான். ஆனால் இரண்டையும் ‘வாய்க்கால்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எந்த ஷட்டரைத் திறப்பது என்று யாரும் குழம்புவதில்லை. ஏரிக்கு வருவது வரத்து, ஏரியை விட்டுப் போவது போக்கு. உங்கள் சிறுநீர்ப்பைதான் ஏரி. அங்கே நின்று பார்த்தால் யூரெட்டர் வரத்துக்கால், யூரெத்ரா போக்குக்கால். உடம்புக்கு ஏற்றபடி வரத்துக்குழல், போக்குக்குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து, செவிலியர்

வரத்துக்குழல் நன்றாக இருக்கிறது ஐயா. கேட்டதுமே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் ‘போக்கு’ வேண்டாம். வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு என்று வார்டில் நாள் முழுவதும் சொல்கிறோம். எல்லாமே நிற்காமல் போகும் நோய்கள். ‘சிறுநீர்ப் போக்குக்குழல்’ என்று சீட்டில் பார்த்தால் அதையும் ஒரு நோய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்திலேயே இந்த இரண்டு சொல்லும் ஒரே மாதிரி தொடங்குவதால்தான் படிக்கிற பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தமிழிலாவது முதலெழுத்து வேறாக இருக்கட்டும்.

மன்னார்குடியிலிருந்து, தமிழாசிரியர்

சிஸ்டர் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் சரியானவை. யூரெத்ராவுக்குக் ‘கழிகுழல்’ என்பதை முன்வைக்கிறேன். சிறுநீர் கழித்தல் என்பது நாம் கூசாமல் பொதுவில் சொல்லும் வழக்கு. கழிகுழல் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஆறு கடலில் சேருமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். இறுதி வழி என்ற பொருளும் அதனால் தானே வந்துவிடுகிறது.

கூடவே ஒரு விதியும் வைத்துக்கொள்ளலாம். உடம்போடு பிறந்தது குழல். வெளியிலிருந்து செருகுவது குழாய். மூச்சுக்குழல், உணவுக்குழல், வரத்துக்குழல், கழிகுழல் எல்லாம் ஒரு வரிசையில் நிற்கும். பிளாஸ்டிக்கோ சிலிக்கானோ எதுவானாலும் குழாய். சொன்ன மாத்திரத்தில் எது நம்முடையது, எதை எடுத்தாக வேண்டும் என்று விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து, விலங்கியல் ஆசிரியர்

வடிகாலைக் கைவிடுகிறேன். ஓர் ஐயம் மட்டும்: ‘வரத்து’ என்றால் சந்தை வரத்து நினைவுக்கு வராதா?

காட்டுமன்னார்கோவிலிலிருந்து, பொறியாளர்

வரட்டும் ஐயா. தக்காளி வரத்தானாலும் தண்ணீர் வரத்தானாலும் ஓரிடத்துக்கு வந்து சேருவதுதான் பொருள். கெடுதி ஒன்றும் இல்லை.

கும்பகோணத்திலிருந்து, மருத்துவர்

வரத்துக்குழல், கழிகுழல் இரண்டையும் ஏற்கிறேன். வரத்துக்குழலில் கல் நிற்கும் குறுகல்கள் மூன்று: சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தநாளத்தைத் தாண்டும் இடம், பைச்சுவருக்குள் நுழையும் இடம். மூன்றாவதுதான் மிகக் குறுகல். 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், 10 மி.மீ.க்கு மேற்பட்டது அரிதாகவே இறங்கும். வாய்க்கால் தொடங்கும் இடத்தைச் சொல்வதுபோல் முதலாவது குறுகலைத் ‘தலைப்பு’ என்றும், அது முடியும் இடத்தைச் சொல்வதுபோல் மூன்றாவதைக் ‘கடைமடை’ என்றும் எழுதலாமா? டெல்டாவில் இவற்றுக்கு விளக்கம் தேவைப்படாது.

கடைமடையில் ஒரு நுட்பம் உண்டு. வரத்துக்குழல் பைச்சுவரை நேராகத் துளைக்காமல் சாய்வாக ஊடுருவி நுழைகிறது. பை நிறையும்போதும் சுருங்கும்போதும் சுவரே அந்தப் பகுதியை அழுத்தி மூடிவிடும். தனியாகக் கதவு கிடையாது. சில குழந்தைகளுக்குச் சுவருக்குள் போகும் நீளம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அப்போது சிறுநீர் பின்னோக்கி ஏறும். கிருமித்தொற்றும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து, தமிழாசிரியர்

‘எதிரேற்றம்’. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் வருவதைக் கடலோரத்தில் கண்டவர்களுக்கு உடனே விளங்கும். ‘தலைப்பு’ என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. கடைமடையைப் பாசன வாய்க்காலின் கடைக்கோடிக்குத்தான் சொல்வோம், ஏரி வரத்துக்குச் சொல்வதில்லை. இருந்தாலும் கையேட்டில் ஒருமுறை படம் போட்டுக் காட்டிவிட்டால் போதும்.

திருவாரூரிலிருந்து, செவிலியர்

படத்தில் கதீட்டர் பையையும் சேர்த்துவிடுங்கள் டாக்டர். அது எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. தூக்கிப் பிடித்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். உள்ளே நீர் நிரப்பிய பலூன்தான் குழாயைப் பிடித்து நிறுத்துகிறது. வீட்டில் யாரும் இழுத்துவிடக் கூடாது, கழிகுழல் கிழிந்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

கழிகுழல் வழியாகப் போட்டிருந்த குழாய் எடுக்கப்பட்டது.
இடது வரத்துக்குழலுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. வெளியே தெரியாது.
அதை எடுக்க வர வேண்டிய நாள்: ____________
காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் நின்றுபோதல், கட்டி கட்டியாக ரத்தம் போதல்: இவற்றில் எது வந்தாலும் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே வரவும்.