புதுப்பிப்பு: கார் ஹீட்டர் சூடாகவே மாட்டேன் என்ற பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன், பழைய பெட்ரோல் கார், காலையில் இருபத்தைந்து நிமிடம் ஓட்டியும் ஹீட்டரில் வெதுவெதுப்புகூட வராது, வெப்பம் காட்டும் முள் பாதிக்குக் கீழேயே கிடக்கும், மேம்பாலத்தில் வேகமெடுத்தால் இன்னும் இறங்கும்.

ஹீட்டர் கோர் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைக் காருக்குள் தரும் சிறு ரேடியேட்டர்) அடைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) பாருங்கள் என்ற அண்ணா சொன்னதுதான் சரி. அவர் சொன்னபடி இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை ஹோஸ் குளிர்ந்தே இருந்து, அப்புறம் சட்டென்று சூடாகும். எனக்கோ மூன்றாவது நிமிடமே இளஞ்சூடு.

கழற்றினால், தெர்மோஸ்டாட் கெட்டுப்போகவில்லை, இல்லவே இல்லை! வெறும் ரப்பர் வளையம் மட்டும் உட்கார்ந்திருந்தது. காரை விற்றவரிடம் கேட்டேன், ஒரு கோடையில் இன்ஜின் சூடேறியதென்று யாரோ மெக்கானிக் பிடுங்கிவிட்டாராம். சென்னையில் ஓடியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள், இங்கே ஜனவரியில் ஸ்டியரிங் பிடித்த விரல் விறைக்கிறது.

காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் புதியது வாங்கி மாட்டினோம். முதல் நாள் மறுபடியும் குளிர்காற்றுதான், கூலன்ட் நிரப்பும்போது காற்று அடைத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றினேன் (சூடான இன்ஜினில் மூடியைத் தொடவே தொடாதீர்கள்). இப்போது ஏழெட்டு நிமிடத்தில் நல்ல சூடு வருகிறது.