சோடியம் அயனி: 147 இடிக்கிறது, அவசரம்!!

வால்நட்சத்திரம்: நாளைக்குத் தேர்வு. 496 செலவு, 349 வரவு, 147 துண்டு விழுகிறது. அப்புறம் உப்பு எப்படித்தான் உண்டாகிறது? சோடியம் எலக்ட்ரானைத் தானாகவே கொடுத்துவிடும் என்றல்லவா படித்தோம்?

மோர்மிளகாய்: 496 என்ன, கிலோஜூலா ரூபாயா? எந்த வகுப்பு? கேள்வியை முழுசாகப் போடுங்கள்.

தெற்குவாசல்: ரொம்ப யோசிக்காதீர்கள். சோடியத்தின் வெளிக்கூட்டில் 1, குளோரினில் 7. ஒன்று கை மாறினால் இரண்டுக்கும் எட்டு. எட்டு நிறையவேண்டும் என்ற ஆசைதான் எல்லாம்.

வால்நட்சத்திரம்: பிளஸ் ஒன். ஒரு மோலுக்குக் கிலோஜூல். சோடியத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 செலவு, குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது 349 வரவு.

பழைய உலை: தம்பி, இதற்கு நான் எத்தனை முறை எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. அணுவுக்கு ஆசையும் இல்லை, பாசமும் இல்லை. 496 கொடுத்துப் பிடுங்கினால்தான் சோடியம் அதை விடும். இரண்டாவதைப் பிடுங்க 4562 ஆகும், அதனால்தான் ஒன்றோடு நிற்கிறது. எட்டு மந்திரத்தைத் தூக்கிப் போடுங்கள்.

தெற்குவாசல்: அந்த 4562 ஏன் அவ்வளவு பெரிசு ஐயா? எட்டு நிறைந்த கூட்டை உடைப்பதால்தானே?

பனங்கொட்டை: துண்டு விழுந்ததைச் சாலக சக்தி நிரப்பும். அயன்கள் அடுக்கடுக்காகப் படிகமாய்ச் சேரும்போது 787 வெளிவரும். நீங்கள் இலத்திரனை மட்டும் எண்ணிவிட்டு நின்றுவிட்டீர்கள். திண்மச் சோடியத்தை ஆவியாக்க 107, குளோரீன் மூலக்கூற்றை உடைக்க 242, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மோர்மிளகாய்: சாலகமா? எங்கள் பக்கம் படிகக்கூடு ஆற்றல். இலத்திரன் என்று எழுதினால் பையன் நாளைக்குக் குழம்புவான்.

பனங்கொட்டை: இலங்கையில் நாங்கள் அப்படித்தான் படித்தோம், ஒருவரும் குழம்பவில்லை. எலக்ட்ரான் என்பது மட்டும் என்ன தமிழாம்?

பழைய உலை: இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. சண்டையை விடுங்கள்.

மோர்மிளகாய்: நீங்கள் சொல்லித்தான் விடவேண்டுமா? அப்படியென்றால் மின்னணு?

வால்நட்சத்திரம்: முதலில் 291 வந்தது. ஒரு குளோரின் அணுதானே வேண்டும், 242இல் பாதி 121 போட்டதும் 412 வெளிவருகிறது, புத்தகத்தில் 411. நன்றி பனங்கொட்டை அண்ணா. தூங்கப் போகிறேன்.

பனங்கொட்டை: அக்கா.

தெற்குவாசல்: 4562க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.