அத்தையின் முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி:
என் அத்தைக்கு 71 வயது. மாதம் 1,200 ரூபாய் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக இல்லை. விசாரித்தால், "ரேஷன் கார்டில் மகன் பேர் இருக்கிறதே, அவர் பார்த்துக்க மாட்டாரா?" என்கிறார்கள். அந்த மகன் திருப்பூர் போய் ஆறு வருடம் ஆகிறது, தீபாவளிக்குக்கூட போன் கிடையாது. அத்தை பூ கட்டித்தான் சாப்பிடுகிறார். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வதைப் போன வாரம்தான் பார்த்தேன். பிள்ளை பார்க்காவிட்டால் அரசுதானே பார்க்க வேண்டும்?

பதில் 1:
தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி தாசில்தார் இருப்பார். அவரிடம் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். 14567 முதியோர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

பதில் 2:
மகன் மேல் 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு போடலாமே. மாதம் 10,000 வரை ஜீவனாம்சம் உத்தரவிட முடியும்.

கேள்வி கேட்டவர்:
சொல்லிப் பார்த்தேன். "பெத்த பிள்ளை மேலயா கேஸு?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பதில் 3:
எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அந்த 1,200-இல் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை வெறும் 200 ரூபாய், தெரியுமா? சரி, முதலில் கார்டிலிருந்து மகன் பேரை நீக்குங்கள்.