கோல் கம்பம் தள்ளிப் போன பிறகும் உதை எப்படித் துல்லியமானது?

அமெரிக்கக் கால்பந்தில் உதை மாறிய வரலாற்றை எழுதுகிறேன், ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது. கோல் கோட்டிலேயே நின்ற கம்பத்தை 1974இல் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) 10 யார்டு பின்னால் தள்ளியது. ஆனாலும் இன்று ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) முயற்சிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே போகின்றன.

1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் பீட் கோகலாக் கொண்டுவந்த பக்கவாட்டு உதைதான் (சாய்வாக ஓடிவந்து பாதத்தின் உட்புறத்தால் உதைப்பது) காரணம் என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ஆனால் 1970இல் டாம் டெம்ப்சி, விரல்களே இல்லாத வலது காலில் முன்பக்கம் தட்டையான ஷூ போட்டு நேராக ஓடிவந்து 63 யார்டு உதைத்தாரே, அதை 2013 வரை யாரும் தாண்டவில்லை! அப்புறம் செயற்கைப் புல், 1999இல் வந்த உதைக்கான தனிப் பந்து எல்லாவற்றையும் அலசிவிட்டேன்.

உதைக்கும் முறை, தரை, பந்து இவற்றின் பங்கைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க உதவும் பழைய ஆட்டப் பதிவுகள் எங்கே கிடைக்கும்?