ஒவ்வொரு நொதிக்கும் தனி ஹார்மோன் உண்டா?

கேள்வி:
வணக்கம். மகளுக்குச் செரிமானப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். நெய் ஊற்றிய பருப்புச் சோற்றில் மாவுக்கு அமைலேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கொழுப்புக்கு லைப்பேஸ் எனக் கணையம் வெவ்வேறு நொதிகளைச் சுரக்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் தனி ஹார்மோன் இருக்க வேண்டாமா? பாடநூலிலோ செக்ரிட்டின், கோலிசிஸ்டோகைனின் என்ற இரண்டுதான் உள்ளன. அவளுடைய தோழியின் பழைய நூலில் பான்கிரியோசைமின் என்று மூன்றாவதும் இருக்கிறது.

மறுமொழி 1:
பங்கீடு நொதிவாரியாக நடப்பதில்லை. இரைப்பையிலிருந்து வரும் அமிலக் கூழால் முன்சிறுகுடலின் பிஎச் ஏறத்தாழ 4.5க்குக் கீழே இறங்கும்போது சுரக்கும் செக்ரிட்டின், கணைய நாளச் செல்களிலிருந்து பைகார்பனேட் நிறைந்த நீரை வரவழைக்கிறது. அமிலம் தணியாவிட்டால் கணைய நொதிகள் வேலை செய்யா. கொழுப்பும் புரதமும் சிதைந்த துணுக்குகளால் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின், நேரடியாகவும், மூளையையும் செரிமான உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் நொதிகளை வெளியேற்றுவதோடு பித்தப்பையையும் சுருக்குகிறது. நொதிகள் அனைத்தும் கணையச் செல்களுக்குள் ஒரே நுண்மணிகளில் அடைபட்டிருப்பதால் ஒருசேரவே வெளிவருகின்றன. நீங்கள் சொன்ன மூன்றில் டிரிப்சின் மட்டும் டிரிப்சினோஜனாக, செயலற்ற வடிவில் வருகிறது. குடல் சுவரின் என்டிரோகைனேஸ் என்ற நொதி அதை வெட்டிய பின்னரே அது விழித்துக்கொள்கிறது.

மறுமொழி 2:
மூன்றாவது பெயரைப் பற்றி. 1902இல் லண்டனில் உடலியலாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும், நரம்புகள் துண்டிக்கப்பட்ட நாயின் குடல் வளையத்தில் அமிலத்தைச் செலுத்தியும் கணைய நீர் வடிவதைக் கண்டனர். அக்குடலின் உட்சவ்வை அமிலத்தோடு அரைத்து இரத்தத்தில் ஏற்றியபோதும் அதுவே நிகழ்ந்தது. செக்ரிட்டின் அறியப்பட்டது அப்படித்தான். பித்தப்பையைச் சுருக்கும் பொருளுக்கு 1928இல் கோலிசிஸ்டோகைனின் என்றும், நொதிகளைத் தூண்டும் பொருளுக்கு 1943இல் பான்கிரியோசைமின் என்றும் பெயரிட்டனர். தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகே இரண்டும் ஒன்றெனத் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வெறும் சோறு உண்டாலும் புரத நொதிகள் வீணாகச் சுரந்துகொண்டே இருக்குமா?

மறுமொழி 3:
இல்லை. கோலிசிஸ்டோகைனினைத் தூண்டும் பெப்டைடு (சிறு புரதத் துணுக்கு) ஒன்றைக் குடலும் வெளியிடுகிறது. வெட்டுவதற்கு உணவுப் புரதம் இல்லாதபோது டிரிப்சின் அந்தப் பெப்டைடையே சிதைத்துவிடுவதால் சுரப்பு தணிகிறது. எலிகளில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது: பச்சைச் சோயாவில் உள்ள தடுப்பான் டிரிப்சினை முடக்குவதால் ஹார்மோன் ஓயாமல் சுரந்து கணையமே பருத்துவிடுகிறது. முதல் மறுமொழியோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒருவேளை உணவுக்கு நொதிகளின் விகிதம் பெரிதாக மாறாது என்றாலும், ஒரே வகை உணவை நாள்கணக்கில் உண்டால் செல்கள் தயாரிக்கும் அளவே மாறுகிறது. இதில் இன்சுலின் என்ற ஹார்மோனுக்கும் பங்குண்டு: அது குன்றிய எலிகளின் கணையத்தில் அமைலேஸ் வெகுவாகச் சரிந்து, இன்சுலின் கொடுத்தபின் மீள்கிறது. ஆகவே தனி நொதிக்குத் தனி ஹார்மோன் என்ற உங்கள் ஊகத்தை முழுக்கப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.