வெளிநாட்டில் மீட்ட ஊழல் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது?

பெரம்பூர் செல்வி:
எங்கள் தெரு மழைநீர் வடிகால் வேலைக்கு எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கிறேன். உள்ளூர்க் கணக்கையே கண்ணில் காட்டத் தயங்குகிறார்கள். அந்த எரிச்சலோடுதான் இதைக் கேட்கிறேன். ஏதோ ஒரு நாட்டின் அதிபர் சுருட்டிய பணம் சுவிட்சர்லாந்தில் சிக்குகிறது, வழக்கு வருஷக்கணக்கில் நடக்கிறது, அப்புறம் ஒருநாள் "பணம் திருப்பித் தரப்பட்டது" என்று செய்தி வருகிறது. சரி, யாரிடம் தந்தார்கள்? அந்த நாட்டுக் கஜானாவில் போட்டால் அடுத்து வருகிறவர் எடுக்க மாட்டாரா? பறிகொடுத்த ஜனங்கள் கைக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கதை எங்காவது உண்டா?

வேளச்சேரி கார்த்தி:
ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டது, 2005 டிசம்பரில் அமலுக்கு வந்தது. இந்தியா 2011இல் ஒப்புதல் தந்தது. திருட்டுச் சொத்தைத் திருப்பித் தருவது அதன் அடிப்படைக் கொள்கை என்று 51ஆம் பிரிவு சொல்கிறது. பொதுப்பணத்தைக் கையாடல் செய்திருந்தால், கேட்கும் நாட்டுக்கே அது போக வேண்டும் என்கிறது 57ஆம் பிரிவு. வாங்கிய நாடு அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

பாரிமுனை ராகவன்:
செல்வி, நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ராஜாஜி சாலையில் துறைமுகத்தைப் பார்த்த அலுவலகம். பணம் எப்படி வெளியே போகிறது என்பதை இன்வாய்ஸ்களில் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய் சரக்குக்கு முப்பது ரூபாய் பில். அனுப்புகிறவர் ஒரு லெட்டர்பேட் கம்பெனி, வாங்குகிறவர் இன்னொரு லெட்டர்பேட் கம்பெனி. உண்மையான உரிமையாளர் யார் என்று கேட்டால் மூன்றாவது நாட்டில் ஒரு டிரஸ்ட் பெயர் வரும். மீட்பு வழக்குகள் இவ்வளவு இழுப்பதற்கு முதல் காரணம் இதுதான். எந்தப் பணம் எந்த லஞ்சத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாக நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு காங்கோவின் முன்னாள் சர்வாதிகாரி மொபுட்டுவின் வழக்கு இருக்கிறது. முடக்கி வைத்த சுமார் 77 லட்சம் பிராங்கை 2009இல் சுவிட்சர்லாந்து அவருடைய வாரிசுகளிடமே விட வேண்டியதாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

பிலிப்பைன்ஸில் மார்கோஸ் பணத்தை சுவிஸ் அரசு 1986 மார்ச்சிலேயே முடக்கியது. அவர் ஆட்சி போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பணம் 65 கோடி டாலருக்கு மேல். அது பிலிப்பைன்ஸ் கஜானாவுக்கு வந்தது 2004இல். அதிலிருந்து 1,000 கோடி பெசோவை, ராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கும் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் கொடுக்க 2013இல் தனிச் சட்டமே போட்டார்கள். 11,103 பேரை ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட "ஜனங்கள் கைக்கு" என்பதற்கு இது ஒரு பதில். ஆனால் அதற்குள் எத்தனை பேர் இறந்து போயிருப்பார்கள்!

நைஜீரியாவின் அபாச்சா விவகாரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே சர்வாதிகாரியின் பணம், ஒரே நாட்டுக்கு, இரண்டு விதமாகத் திரும்பியது. 2005, 2006 வாக்கில் 50 கோடி டாலருக்கு மேல் போனபோது அது பொது பட்ஜெட்டில் கலந்துவிட்டது. கலந்த பிறகு எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சாலை அந்தப் பணத்தில் வந்தது என்று எவரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அடுத்து ஒரு தொகை, சுமார் 32 கோடி டாலர். இந்த முறை 2017இல் சுவிட்சர்லாந்து, நைஜீரியா, உலக வங்கி மூன்றும் உட்கார்ந்து, பணம் போவதற்கு முன்பே ஒப்பந்தம் எழுதின. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 5,000 நைரா. உலக வங்கி மேற்பார்வை. கூடவே உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் வீடு வீடாகப் போய்ப் பணம் கிடைத்ததா என்று விசாரிக்க வேண்டும். அதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "எங்கே போயிற்று?" என்று கேட்க ஒரு பட்டியலாவது இருந்தது.

கஜகஸ்தானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எண்ணெய் லஞ்சப் பணம் என்று சுவிட்சர்லாந்தில் முடக்கிய 8 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை அரசிடம் தரவே இல்லை. 2008இல் போட்டா என்ற அறக்கட்டளை அமைத்து, அதன் வழியாக ஏழைக் குழந்தைகளுக்கும் மாணவர்களுக்கும் செலவழித்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இது எல்லா நாட்டுக்கும் ஒத்துவராது, "எங்கள் பணத்துக்கு நீ யார் நிபந்தனை போட?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு, காலனி ஆதிக்கத்தில் பட்ட நாடுகள் அப்படித்தான் கேட்கும். அதனால் நிபந்தனையை வெளிநாடு போடுவதைவிட, கணக்கை அந்த ஊர் மக்களே பார்க்க வழி வைப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதையும் பணம் வருவதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். வந்த பிறகு எவரும் எழுத மாட்டார்கள்.

பெரம்பூர் செல்வி:
மிக்க நன்றி சார். அபாச்சா பணம் இரண்டு விதமாகத் திரும்பியது எனக்குப் புதுச் செய்தி. நம் நாட்டில் பறிமுதல் செய்கிற பணம் எங்கே போகிறது?

வழக்கறிஞர் மீனா:
சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. 9ஆம் பிரிவின்படி பறிமுதலான சொத்து மத்திய அரசுக்குச் சேரும். 8(8) பிரிவில், நஷ்டப்பட்டவர் உரிமை கோரினால் அவருக்குத் திருப்பித் தரலாம். வங்கிகள் இப்படி வாங்கியிருக்கின்றன. வங்கியிடம் கடன் பத்திரம் இருக்கிறது, உங்கள் தெருவிடம் என்ன இருக்கிறது? வடிகால் மோசமானதால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் தங்களை நஷ்டப்பட்டவர் என்று நிறுவுவது மிகவும் கடினம். இந்த இடத்தில் சட்டம் மாறியே ஆக வேண்டும்.

பாரிமுனை ராகவன்:
மீனா சொல்வது சரி. செல்வி, உங்கள் மனுவில் மொத்தத் தொகையை மட்டும் கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் தந்து முடித்துவிடுவார்கள். எம் புக் நகலைக் கேளுங்கள், எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட புத்தகம் அது. தகவல் உரிமைச் சட்டம் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், சான்றளித்த பொருள் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. அந்தப் பிரிவு எண்ணைப் போட்டே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எழுதும்போது உதவி வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.