வைப் பண்ணா போதும்னு சொன்ன மகானுக்கு

மிடோ மன்னன் · இரவு 9.12

நேத்து பக்கத்து இழையில ஒரு மகான் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: “மியுஐல இருந்து லினேஜுக்குப் போறவங்க ஃபேக்டரி ரீசெட் பண்ணா போதும். ஃபார்மட் டேட்டா பண்ணுன்னு சொல்றவன் சும்மா பயமுறுத்துறான். போட்டோ எல்லாம் போனதுதான் மிச்சம்.” (மியுஐன்னா ஷாவ்மி போன்ல கூடவே வர்ற சாஃப்ட்வேர், லினேஜ்னா அதுக்குப் பதிலா நாமளே ஏத்திக்கற ஆண்ட்ராய்டு.) படிச்சதும் குடிச்ச டீ மூக்கு வழியா வந்துடுச்சு. பேர் சொல்ல விரும்பலை. கடலூர்ப் பக்கம்.

2016 டிசம்பர்ல லினேஜோட முன்னோடி சயனோஜன்மாட் கடையைச் சாத்தினப்ப துக்கம் கொண்டாடினவன் நான். அடுத்த வருஷம் ரெட்மி நோட் 4 வாங்கி (அதோட குறிப்பெயர்தான் மிடோ, என் பேரும் அங்கேர்ந்து வந்தது) அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எத்தனை ரோம் (போன்ல ஏத்தற ஆண்ட்ராய்டுத் தொகுப்பு) ஏத்தினேன்னு எனக்கே கணக்கு இல்லை. அந்த அனுபவத்துல சொல்றேன். வைப் (மகான் சொல்ற ரீசெட் இதுதான்) வேற, ஃபார்மட் வேற. டிடபிள்யூஆர்பிங்கற ரெக்கவரில (ஆண்ட்ராய்டு எழும்பாமலே திறக்கற பழுதுபார்ப்பு மெனு) வைப் உள்ள போய் விரலால இழுத்தீங்கன்னா ஆப்பும் செட்டிங்ஸும் போகும். உள்சேமிப்பு அப்படியே இருக்கும், மியுஐ டேட்டாவுக்குப் போட்ட பூட்டான என்க்ரிப்ஷனும் அப்படியே உக்காந்திருக்கும். வீட்டைக் காலி பண்ணினவன் சாமானை எல்லாம் ஏத்திட்டு பூட்டை மட்டும் போட்டுட்டுப் போன மாதிரி. புதுக் குடித்தனக்காரன் வாசல்லயே நிக்க வேண்டியதுதான். போன் எழும்பாம சுத்திட்டே இருக்கும், அதுக்குப் பேர்தான் பூட்லூப்.

ஃபார்மட் டேட்டாவை அமுக்கினா “எஸ்”னு டைப் அடிக்கச் சொல்லும் பாருங்க, அதுதான் பூட்டை உடைக்கிற இடம். போட்டோ போகும், ஆமாம். முன்னாடியே கம்ப்யூட்டர்ல எடுத்து வைங்க. அதுக்குக்கூட சோம்பேறித்தனம்னா ரோம் ஏத்தற ஆசை எதுக்கு?

கடலூரான் · 9.31

பேர் சொல்ல விரும்பலையாம், ஊரைச் சொல்லிட்டாராம். நான்தாங்க அந்த மகான்.

ஷாவ்மியோட போக்கோ எஃப்1 வச்சிருக்கேன். ஆறு தடவை ரோம் மாத்தியாச்சு. ஆறு தடவையும் ஃபேக்டரி ரீசெட் மட்டும்தான். போன் இப்பவும் கையில ஓடுது, இந்தப் பதிலே அதுலேர்ந்துதான் வருது. செத்த போன் டைப் அடிக்குமா மன்னா?

மிடோ மன்னன் · 9.34

ஆறு தடவை தலைக்கவசம் இல்லாம போய் உயிரோட வந்தவனும் இதையேதான் சொல்லுவான். ஃபார்மட் பண்ணணும்.

கடலூரான் · 9.35

ரீசெட் போதும்.

அமைதி · 9.37

ரெண்டு பேரும் எந்த ரெக்கவரியைப் பத்திப் பேசறீங்க?

மிடோ மன்னன் · 9.41

எந்த ரெக்கவரியா இருந்தா என்ன? அடிப்படை ஒண்ணுதான். கடலூராரே, ஆறு தடவைல எத்தனை தடவை நேரா மியுஐல இருந்து போனீங்க? ஏற்கனவே லினேஜ்ல இருந்துட்டு அதுக்கு மேல லினேஜே ஏத்தினா எதுவும் ஆகாது. அதை எல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது. பதில் சொல்லுங்க.

கடலூரான் · 9.44

விசாரணைக் கமிஷனா இது? எத்தனையோ தடவை. ரீசெட் போதும்.

திருச்சி டீச்சர் · 9.52

வணக்கம். நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் போன் இப்பவே மாட்டிக்கிட்டு நிக்குது. நானும் போக்கோ எஃப்1தான். அதுக்கு அதிகாரபூர்வமா ஆண்ட்ராய்டு 10க்கு மேல வரலைன்னு பையன் சொன்னதால லினேஜ் 21 போடலாம்னு உக்காந்தேன். பூட்லோடர் (போனை முதல்ல எழுப்பற நிரலாம்) திறக்க 168 மணி நேரம் காத்திருங்கன்னு சொல்லுச்சு, ஒரு வாரம் காத்திருந்தேன். நேத்து கடலூர் சார் எழுதினதைப் படிச்சு ரீசெட் பண்ணிட்டுத்தான் ஏத்தினேன். இப்ப வில் மாதிரி ஒரு கோடு, அது மேல ஒரு வட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டு வந்துட்டே இருக்கு. நாப்பது நிமிஷமா. ஏத்தும்போது கம்ப்யூட்டர்ல 47%லயே நின்னுடுச்சு, கீழே “ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்”னு வந்துச்சு. தோல்வியா வெற்றியான்னே புரியலை. நாளைக்கு ஸ்கூல் வாட்சப் குரூப் எல்லாம் அதுலதான்.

மிடோ மன்னன் · 9.54

ஆகா! சாட்சி தானா நடந்து வந்துடுச்சு. பாருங்க மக்களே, இதுதான் “ரீசெட் போதும்” கோஷ்டியோட சாதனை.

கடலூரான் · 9.56

47%ல நின்னிருக்கு, அது தெரியலையா? பாதி ஃபைல்தான் ஏறியிருக்கு. டவுன்லோடே கோளாறு. டீச்சர், ஃபைலை மறுபடி இறக்குங்க. ரீசெட் மேல பழி போடாதீங்க.

மிடோ மன்னன் · 10.03

ஐயோ. ஐயோ. ஆறு தடவை ஏத்தினவர் பேசற பேச்சா இது? 47%ல நின்னு அந்த வரி வந்தா முழுசா ஏறிடுச்சுன்னு அர்த்தம். லினேஜ் விக்கிலயே எழுதி வச்சிருக்கான், சில போன்ல அப்படித்தான் காட்டும், பயப்படாதேன்னு. ஃபெயில்டுன்னு ஆரம்பிச்சு சக்சஸ்னு முடியுற அந்த வரியைப் பார்த்து மிரளாதவன் இந்தத் தொழில்ல கிடையாது. முதல் பூட்டுக்கு 15 நிமிஷம் வரைக்கும் பொறுக்கலாம்னும் அங்கேயே இருக்கு. நாப்பது நிமிஷம்னா கதை முடிஞ்சுது. காரணம் ஒண்ணே ஒண்ணு. ஃபார்மட் பண்ணலை.

அமைதி · 10.05

டீச்சர், எந்த ரெக்கவரி? டிடபிள்யூஆர்பியா, லினேஜ் கொடுக்கறதா?

தணிகைத்தமிழன் · 10.08

எல்லோரும் அறிவாளிகளாகத் தெரிகிறீர்கள், ஆனால் ஒரு வரியில் நான்கு ஆங்கிலச் சொற்கள். ரெக்கவரி என்பதை மீட்புப் பகுதி என்று சொன்னால் கைப்பேசி வெடித்துவிடுமா? வைப் என்பது துடைத்தல். ஃபார்மட் என்பது வடிவூட்டல். துடைத்தால் தூசி போகும், சுவர் அப்படியே நிற்கும். வடிவூட்டினால் சுவரையே இடித்துக் கட்டுவது. தமிழில் பேசியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

கடலூரான் · 10.10

சரிங்க ஐயா. பூட்லோடருக்குத் தமிழ்ல என்ன? செருப்பேற்றியா?

தணிகைத்தமிழன் · 10.12

தொடக்க ஏற்றி. நகைப்பதற்கு முன் கற்றுக்கொள்ளுங்கள்.

மிடோ மன்னன் · 10.14

ஐயா சுவர்க் கதை நான் சொன்ன பூட்டுக் கதைதான், காப்பி அடிச்சாலும் பரவாயில்லை, என் பக்கம் வந்ததுக்கு நன்றி.

தணிகைத்தமிழன் · 10.15

நான் யார் பக்கமும் வரவில்லை.

பழைய செங்கல் · 10.21

மிடோ மன்னன் அனுபவம் பத்தி நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன். 2018. என்கிட்ட ரெட்மி நோட் 5 ப்ரோ. பழைய மியுஐக்குத் திரும்பணும்னு கேட்டேன். “தைரியமா ஏத்துங்க தம்பி, ஒண்ணும் ஆகாது”ன்னு சொன்னது யாருன்னு அவருக்கே தெரியும். அந்த மாடல்ல ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்ப விடாத பூட்டு) வந்திருந்துச்சு. ஃபாஸ்ட்பூட்ல (கம்ப்யூட்டர்லேர்ந்து போனுக்கு உத்தரவு கொடுக்கற நிலை) “கெட்வார் ஆன்டி” அடிச்சா 4னு காட்டும், காட்டினா பழசு ஏத்தவே கூடாது. அவர் அதைக் கேக்கவும் இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை. ஏத்தினேன். திரை கறுப்பு. சார்ஜர் போட்டா வெளிச்சம்கூட இல்லை. ஈடிஎல் (செத்த போனைக் கேபிள்ல எழுப்பற அவசர நிலை) வழியா எழுப்பலாம்னா அதுக்கு அனுமதி உள்ள கணக்கு வேணும். சென்னை ரிச்சி தெருவுல ஒரு கடைல 1,500 ரூபாய் அழுதேன். செத்த போனைச் செங்கல்னுதான் சொல்லுவாங்க, என் பேர்க் காரணமும் இதுதான்.

மிடோ மன்னன் · 10.29

ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்தச் செங்கலைத் தூக்கிட்டு அலையறீங்க. அன்னைக்கு அந்தப் பூட்டு புதுசு, பலருக்கும் தெரியாது. அதுவும் நான் “உங்க பொறுப்பில்”னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன். தேடிப் பாருங்க. இப்ப பேச்சு அது இல்லை. பேச்சு, ஃபார்மட் பண்ணணுமா வேண்டாமா. பண்ணணும்.

பழைய செங்கல் · 10.31

1,500 ரூபாய்.

கோவை குசும்பு · 10.38

ஏனுங்க, இத்தனை ரோதனை எதுக்குங்க? ஒரு பிக்சல் (கூகுள் போனுங்க) வாங்கி கிராஃபீன்னு இன்னொரு ரோம் போட்டுட்டா முடிஞ்சுது. பிரவுசர்லயே கேபிளைச் சொருகி ஏத்திப்போடலாம். முடிச்சுட்டு பூட்லோடரைத் திருப்பிப் பூட்டியும் வெச்சுக்கலாம். வைப்பா ஃபார்மட்டான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கடலூரான் · 10.40

பிக்சல் நீங்க வாங்கித் தர்றீங்களா? போக்கோ பழசு, கையில இருக்கு. பேச வந்துட்டார்.

மிடோ மன்னன் · 10.46

குசும்பு தம்பி, பூட்டறது பத்தி இங்க பேசவே பேசாதீங்க, யாராவது படிச்சுட்டு ஷாவ்மில முயற்சி பண்ணிடப் போறாங்க. கிராஃபீன் பிக்சலுக்கு மட்டும்தான், அதுல சொந்தச் சாவி போட்டுப் பூட்ட வசதி இருக்கு. இங்க லினேஜ் ஏத்திட்டு லாக் பண்ணினா “சிஸ்டம் ஹேஸ் பீன் டிஸ்ட்ராய்டு”னு ஒரு வரியோட நிக்கும். டீச்சர், தயவுசெஞ்சு லாக் பண்ணாதீங்க. ஃபார்மட் மட்டும் பண்ணுங்க.

திருச்சி டீச்சர் · 10.48

எங்கே பண்றதுன்னு யாராவது சொல்லுங்க. வட்டம் இன்னும் ஓடுது. போன் சுடுது.

கோவை குசும்பு · 10.50

பேங்க் ஆப்பாவது ஓடுமாங்க உங்க லினேஜ்ல? என் மச்சான் போட்டான், அவன் பேங்க் ஆப் திறந்ததும் மூடிருச்சு.

மிடோ மன்னன் · 10.57

ஓடும், ஓடாது, பேங்க்கைப் பொறுத்தது. போன் நம்பகமானதான்னு பார்க்க முன்னாடி கூகுளோட சேஃப்டிநெட்னு ஒரு சோதனை இருந்துச்சு, இப்ப பிளே இன்டெக்ரிட்டி. பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங்னு மூணு படி. பூட்லோடர் திறந்திருந்தா ஸ்ட்ராங் கிடைக்காது. எந்தப் படி வேணும்னு அந்தந்த ஆப் முடிவு பண்ணும். உங்க மச்சானோட ஆப் கண்டிப்பான வாத்தியார், அவ்வளவுதான். கிராஃபீனும் அந்தப் பரீட்சையில முழுசாப் பாஸ் இல்லை, நெஞ்சை நிமிர்த்தாதீங்க.

கடலூரான் · 10.59

பேங்க் ஆப்புக்கும் ஃபார்மட்தான் மருந்துன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.

பெங்குவின் பாலு · 11.04

நானும் எஃப்1தான், ஆனா ஆண்ட்ராய்டே வேண்டாம்னு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்னு ஒரு லினக்ஸ் போட்டுட்டேன். எஃப்1ல ரெண்டு விதத் திரை இருக்கு தெரியுமா? டியான்மா ஒண்ணு, இபிபிஜி ஒண்ணு. எது உங்களோடதுன்னு பார்க்காம ஏத்தினா திரை வராது. யாரும் இதைப் பேசவே மாட்டேங்கறீங்க.

மிடோ மன்னன் · 11.06

ஏன்னா இங்க யாருக்கும் அது பிரச்சினை இல்லை பாலு. அதுல ஜியோ சிம் போட்டு வீட்டுக்குப் பேசுங்களேன் பார்ப்போம்.

பெங்குவின் பாலு · 11.08

நான் போன்ல பேசறது இல்லை.

கோவை குசும்பு · 11.09

பேசாத போனுக்கு எதுக்குங்க சிம்மு.

பெங்குவின் பாலு · 11.10

அது என் கொள்கை. 2ஜி, 3ஜி எதுவும் இல்லாம வோல்ட்இ (4ஜி வழியாவே கால் பேசறது) மட்டும் வச்சு நெட்வொர்க் நடத்தறது அவங்க தப்பு, லினக்ஸ் தப்பு இல்லை.

அமைதி · 11.12

டீச்சர், பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. வால்யூம் அப்பும் பவரும் சேர்த்துப் பிடிச்சா ரெக்கவரி வரும். மேலே டீம்வின்னு (டிடபிள்யூஆர்பி பண்றவங்க) எழுதியிருக்கா, லினேஜ் சின்னம் இருக்கா?

திருச்சி டீச்சர் · 11.17

டீம்வின். நீல நிறம். உள்ள போய்ப் பார்த்தேன், இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பின்னு காட்டுது. 64 ஜிபி போன் சார். எங்கே போச்சு?

மிடோ மன்னன் · 11.19

0 எம்பி! பூட்டு! பூட்டு அப்படியே இருக்கு! திறக்க முடியாததாலதான் பூஜ்யம் காட்டுது. எழுதி வச்சுக்கோங்க கடலூராரே. பிரேம் போட்டு மாட்டுங்க.

கடலூரான் · 11.23

எனக்கு ஒரு நாளும் 0 எம்பி வந்ததில்லை. டீச்சர் வேற எதையோ அமுக்கியிருக்காங்க.

பழைய செங்கல் · 11.24

கடலூராரே, ரீசெட் பண்ணினப்புறம் உங்க போட்டோ எல்லாம் போன்ல அப்படியே இருந்துச்சா?

கடலூரான் · 11.27

என் போட்டோ எல்லாம் மெமரி கார்டுல. போன் உள்ள நான் எதுவும் வைக்கறதில்லை. ஏன்?

பழைய செங்கல் · 11.28

ஒண்ணுமில்லை.

அமைதி · 11.30

டீச்சர், விக்கில உங்க மாடல் பக்கத்துல ரெக்கவரி ஃபைல் தனியா இருக்கு. ஃபாஸ்ட்பூட்ல அதை ஏத்துங்க. ஏத்தினதும் நேரா ரெக்கவரிக்குப் போங்க. அங்கே ஃபேக்டரி ரீசெட்னு ஒரு மெனு, அதுக்குள்ள இருக்கறதைக் கொடுங்க. அப்புறம் திரும்ப சைட்லோட் (கம்ப்யூட்டர்லேர்ந்து ரோமை ஏத்தறது). கூகுள் ஆப் வேணும்னா முதல் பூட்டுக்கு முன்னாடியே சேர்த்து ஏத்திடுங்க. சிக்னேச்சர் சரியில்லைன்னு கேட்டா எஸ் கொடுங்க, அது வழக்கம்தான்.

கடலூரான் · 11.32

ஃபேக்டரி ரீசெட்! அமைதியே சொல்லிட்டார், ஃபேக்டரி ரீசெட்!

மிடோ மன்னன் · 11.33

அமைதி அவர்களே, நீங்க பொறுப்பில்லாமப் பேசறீங்க. ஃபார்மட்னு தெளிவாச் சொல்லுங்க. இப்படிக் குழப்பித்தான் இந்த நிலைமை.

தணிகைத்தமிழன் · 11.40

ஒருவர்கூட இன்னும் மீட்புப் பகுதி என்று எழுதவில்லை.

திருச்சி டீச்சர் · 12.26

சார், வந்துடுச்சு! ரெண்டு நிமிஷத்துலயே உள்ள போயிடுச்சு. வாட்சப் ஏறிட்டு இருக்கு. ஜியோல பையனுக்குப் போட்டுப் பார்த்தேன், கால் போகுது, தூக்கத்துல எழுப்பிட்டேன்னு திட்டறான். அமைதி சாருக்கு ரொம்ப நன்றி. எல்லாருக்கும்தான்.

மிடோ மன்னன் · 12.27

எதை அமுக்கினீங்க? ஃபார்மட்தானே?

கடலூரான் · 12.27

ரீசெட்தானே டீச்சர்?

திருச்சி டீச்சர் · 12.31

ஃபேக்டரி ரீசெட்னு இருந்ததுக்குள்ள போனேன். உள்ள ஒரு வரி இருந்துச்சு. “ஃபார்மட் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்”. நடுவுல ஒரு சாய்ஞ்ச கோடு. அதைத்தான் கொடுத்தேன்.

கடலூரான் · 12.32

ஃபேக்டரி ரீசெட்! அதான் ஆறு தடவையும் நான் அமுக்கினது. என்ன மன்னா, சத்தத்தைக் காணோம்?

மிடோ மன்னன் · 12.38

கோட்டுக்கு முன்னாடி எது இருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கட்டும். ஃபார்மட் டேட்டா. முதல்ல அது. அப்புறம்தான் உங்களது. கூட வந்த பேரு அது.

கடலூரான் · 12.39

மெனுவோட பேரே ஃபேக்டரி ரீசெட். உங்களது அதுக்குள்ள ஒரு மூலைல இருக்கு.

மிடோ மன்னன் · 12.44

டிடபிள்யூஆர்பில உங்க ரீசெட்டைப் பண்ணித்தான் டீச்சர் போன் நாலு மணி நேரம் நின்னுச்சு. ஆறு தடவையும் நீங்க ஃபார்மட்தான் பண்ணியிருக்கீங்க, உங்களுக்கே தெரியாம. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கீங்க. பணிவா ஒரு நன்றி சொன்னா போதும்.

கடலூரான் · 12.45

நாலு மணி நேரம் இல்லை, மூணேகால்தான். கணக்கும் வரலை.

பழைய செங்கல் · 12.46

கணக்குன்னதும் ஞாபகம் வருது. 1,500.

மிடோ மன்னன் · 12.52

காலைல அந்த 2018 இழையைத் தோண்டி எடுத்து இங்கேயே ஒட்டறேன். “உங்க பொறுப்பில்”னு இருக்கா இல்லையான்னு எல்லாரும் பாருங்க. தூங்கிடாதீங்க செங்கல்.